எர்த் குழாயும் அப்பா கையெழுத்தும்

என் கை போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு ஒரு மாதம் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சமைத்தேன், துவைத்தேன், வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன், எல்லாம் வழக்கம்போல நடந்தது. உள்ளுக்குள் மட்டும் ஒரே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது.

அப்பாவுக்குக் கைநடுக்கம். நாற்பத்து மூன்று வயதில் ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளர் தளும்பியது. அப்புறம் சட்டைப் பொத்தான் கைக்குச் சிக்காமல் போனது. வருஷம் ஏற ஏறச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதே ஒரு வேலையாகிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் குடும்பத்தில் இறங்குகிற சமாச்சாரம் இது என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொன்னபோது எனக்குப் பதினாறு வயது. அப்பாவுக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் எனக்குச் சொன்னதாகத்தான் பட்டது.

நான் சொல்ல வருகிற வருஷத்தில் எனக்கு நாற்பத்திரண்டு. அடுத்து நாற்பத்து மூன்று. இதை விரல் விட்டு எண்ணிக்கொண்டேதான் அந்த மாதம் போனது.

நான் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற பகுதிநேர டீச்சர். சங்கராபுரத்தில் வீடு. வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்து கல்வராயன் மலைக்கு ஏறிப்போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கை ஒன்றுதான் என் சொத்து. கரும்பலகையில் ஒரே இழுப்பில் யானை போட்டுவிடுவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும். அதற்காகவே தினமும் ஒரு யானை போடுவேன், எனக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தபோது ஒரு சின்ன அமைப்பிலிருந்து போன் வந்தது. மலைப் பிள்ளைகளுக்கென்று ஒரு படப் புத்தகம் போடுகிறார்களாம். மலையில் விளைகிறதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சாமை, கடுக்காய், மரவள்ளி, தேன்கூடு என்று முப்பது படம். என் யானையை யாரோ செல்போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். ஒரே நிபந்தனை, படங்களைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்து தரவேண்டும். பள்ளிக்கூடம் திறக்கும்போது புத்தகம் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும் என்றார் அந்த அமைப்பை நடத்துகிற அம்மா. நான் உடனே சரி என்றேன். கம்ப்யூட்டரில் வரையத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வரைகிற பலகையை அவர்களே கூரியரில் அனுப்பினார்கள். பார்க்கச் சிலேட்டு மாதிரி கறுப்பாக இருக்கும், ஓரத்தில் ஓர் அலுமினியப் பட்டை. அதோடு ஒரு பேனா. பேனாவால் பலகைமேல் கோடு போட்டால் பலகையில் ஒன்றும் விழாது, லேப்டாப் திரையில் விழும். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். முதல் வாரம் எனக்கு மண்டை காய்ந்தது. அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கிடைத்த லேப்டாப்பைத்தான் வாங்கி வைத்திருந்தேன். அதில் பேட்டரி செத்து வருஷக்கணக்கு ஆகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். இருந்தாலும் பழகிவிட்டேன். பொங்கலுக்குள் பன்னிரண்டு படம் முடித்தாயிற்று. தேன்கூட்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மா போனில் இரண்டு நிமிஷம் பேசவே இல்லை. பிடிக்கவில்லையோ என்று பயந்துபோனேன். அப்புறம்தான், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் என்றார்.

பொங்கல் கழிந்து பதின்மூன்றாவது படம் சாமைக் கதிர். மயிரிழை போலக் கோடு வேண்டும். உட்கார்ந்து முதல் கோட்டை இழுத்தேன். கோடு நடுங்கியது.

பேனாவை எடுத்துவிட்டு மறுபடி இழுத்தேன். மறுபடி நடுங்கியது. நேராகப் போக வேண்டிய கோடு ஓரமெல்லாம் ரம்பப் பல்லாகப் போனது. அழுத்தாத இடத்தில் தடித்தது, அழுத்தின இடத்தில் காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. 

அப்போதும் முதலில் பலகையைத்தான் திட்டினேன், என் சுபாவம் அப்படி. ஒயரை மாற்றினேன். பேனா முனையைப் பிடுங்கி வேறு முனை போட்டேன். பலகைக்கான டிரைவரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். வரைகிற மென்பொருளில் இருக்கிற ஒவ்வொரு பொத்தானையும் திருகிப் பார்த்தேன். கம்பெனி உதவி எண்ணில் ஒரு பெண் பொறுமையாக ஒன்றரை மணி நேரம் பேசினாள், பாவம், அவள் சொன்னதையெல்லாம் செய்தேன். கடைசியில் அவள், ஸ்டெபிலைசர் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதைக் கூட்டி வையுங்கள் என்றாள். கூட்டினேன். கோடு வழவழவென்று வந்தது. கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி பேனாவுக்குப் பின்னால் மெதுவாக வந்தது. இது எதற்காக என்று கேட்டேன். கை நடுங்குகிறவர்களுக்கு உதவும் மேடம் என்றாள்.

போனை வைத்துவிட்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் இப்போது மன்னிப்புக் கேட்க வழியில்லை, இங்கே எழுதித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்டெபிலைசரைச் சுத்தமாக அணைத்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு சாமைக் கதிரின் குட்டிக் குட்டிக் கோடுகளைப் போடவும் முடியாது, கன்றுக்குட்டி வந்து சேருவதற்குள் கோடு முடிந்துவிடும். ஆனால் நிஜக் காரணம் அதில்லை. அதைப் போட்டுக்கொண்டால் எனக்கு நடுக்கம் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

அப்புறம் ஆரம்பித்தது என் பைத்தியக்காரத்தனம். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை நீட்டிப் பிடித்துக்கொண்டு தளும்புகிறதா என்று பார்ப்பேன். டம்ளர் தண்ணீர் யார் பிடித்தாலும் அசையத்தான் செய்யும், அது அப்போது தோன்றவில்லை. கற்பூரம் காட்டும்போது சாமியைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தேன். பேப்பரில் கோடு போட்டுப் பார்த்தேன், நன்றாக வந்தது. பயத்தில் இன்னும் மெதுவாகப் போட்டேன், மெதுவாகப் போட்டால் யாருக்கும் ஆடும், ஆடியது. வீட்டில் யாரையும் பலகையைத் தொட விடவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

அப்பாவைப் பார்க்கப் போவதையும் நிறுத்திவிட்டேன். அப்பா மணலூர்பேட்டைப் பக்கம் அண்ணனோடு இருக்கிறார். மாதம் இரண்டு தடவையாவது போய்விடுவேன். இப்போது அந்தக் கையைப் பார்க்கிற தெம்பு எனக்கில்லை. போன் வந்தால் மறியல்ப்பா, பஸ் இல்லப்பா என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு மறியல், மனு, ஊர்வலம் என்று எங்கள் பக்கம் அப்போது ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. எங்கள் சனம்தான் நடத்தியது. எனக்கு அது நல்ல சாக்காக இருந்தது.

அப்பா அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். அவரே வாலிபத்தில் இதே கோரிக்கைக்காக ரோட்டில் உட்கார்ந்தவர்தான். போலீஸ் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்திருக்கிறார்கள். சாயங்காலம் விடும்போது நோட்டில் பெயர் எழுதிக் கைநாட்டு வாங்கினார்களாம். அப்பா மை டப்பாவைத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பெயர் போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்தப் பக்கத்திலேயே தன்னுடையது ஒன்றுதான் கையெழுத்து என்று அப்பா சொல்லும்போதெல்லாம் நாங்கள் எழுந்து ஓடிவிடுவோம், அத்தனை தடவை கேட்டாயிற்று.

அந்தக் கையெழுத்து சில வருஷத்துக்கு முன்னால் போய்விட்டது. சர்க்கரை ஆலை ஆபீஸில் கரும்புப் பதிவுக்குப் போனபோது அப்பா போட்டது பழைய கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. மூன்று தடவை போடச் சொன்னார்கள். மூன்றும் மூன்று விதமாக வந்தது. கடைசியில் அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் மை டப்பாவை இந்தப் பக்கம் நகர்த்தினார். அப்பா கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். அதிலிருந்து எதற்கும் ஆபீஸ் பக்கம் போகிறதில்லை, எல்லாம் அண்ணன்தான். வலதுகையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்காருவது அப்போது வந்த பழக்கம்.

மாசி பிறந்துவிட்டது. பதினெட்டுப் படம் பாக்கி. கடைசி முயற்சியாகப் பலகையைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் பலகையைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். சர்ரென்று ஒரு வட்டம் போட்டார். காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது. ஒரு நீளக் கோடு. அதுவும் நேராகத்தான் வந்தது.

"பேடு சூப்பரா இருக்குதுங்க மேடம். நீங்கதான் கையைப் பழக்கிக்கணும்."

அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் ஒரு தடவை போட்டுப் பாருங்கள் என்று பேனாவை நீட்டினார். அவர் எதிரில் நடுங்கிவிட்டால் என்ன செய்வது? வேண்டாம் என்று சொல்லிப் பலகையைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கு அந்தப் பேனாவை வாங்கி ஒரே ஒரு கோடு போட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். என் பயம் என்னை விடவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மனசு கணக்காகப் பேசியது. பலகை நன்றாக இருக்கிறது. பேனா நன்றாக இருக்கிறது. அப்படியானால் கை. வேறென்ன மிச்சம்? புத்தகத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அந்த அம்மாவுக்கு இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இனிமேல் யானை கிடையாது.

பாதி வழியில் பஸ் நின்றது. மறியல். ரோட்டின் குறுக்கே இருநூறு பேராவது உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் புளியமரத்து நிழலுக்குப் போனார். நாங்களும் இறங்கினோம். மடியில் பலகையோடு மரத்து வேரில் உட்கார்ந்தேன். எரிச்சல் மண்டைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

மறியல் செய்கிறவர்களே பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். என் வயசுக்காரர் ஒருவர், கழுத்தில் துண்டு, கையில் கேனும் டம்ளரும். தண்ணி குடிங்கக்கா, ஒரு மணி நேரத்தில் விட்டுடுவாங்க என்றார். பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். நீங்க நடுரோட்டில் குந்திக்கொள்வதற்கு நாங்கள் ஏன்யா காயணும், என் கை போச்சேன்னு நானே செத்துக்கொண்டிருக்கிறேன், உனக்குத் தண்ணி ஒரு கேடா என்று என்னென்னவோ கத்தினேன். கத்தின கையோடு அழுதும்விட்டேன்.

அந்த மனுஷர் திரும்பிப் போயிருக்கலாம். கேனைக் கீழே வைத்துவிட்டு எதிரில் குந்தினார். கைக்கு இன்னாக்கா ஆச்சு என்றார். ஒரு மாதமாக வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை அந்த முன்பின் தெரியாதவரிடம் ஒன்று விடாமல் கொட்டினேன். அப்பா, டாக்டர், நாற்பத்து மூன்று, கோடு, கடைக்காரர் போட்ட வட்டம், மணிக்கட்டு எறும்பு, எல்லாம்.  எறும்பு என்றதும் அவர் தலையைத் தூக்கினார்.

"அந்தப் பலகையத் தொடுறப்ப மட்டும்தான் எறும்பு ஊருதா, சும்மா இருக்கறப்பவும் ஊருதா?"

யோசித்தேன். பலகையின் ஓரப் பட்டை மணிக்கட்டில் படும்போதுதான்.

"உங்க வூட்ல ஃப்ரிஜ்ஜைத் தொட்டா சுர்ருங்குதா?"

தூக்கிவாரிப் போட்டது. ஆமாம். பொங்கலிலிருந்து ஃப்ரிஜ் கதவு சுர்ரென்கிறது. பழைய ஃப்ரிஜ், அப்படித்தான் இருக்கும் என்று வாசலில் கிடந்த ரப்பர் செருப்பைச் சமையல்கட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டிருந்தோம். அதைப் போட்டுக்கொண்டுதான் பால் எடுப்போம். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போய்விட்டது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

அவர் வயர்மேனாம். ஊர் ஊராகப் போய் போர் மோட்டார் வயரிங் செய்கிறவர். சிரித்தபடி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், அதற்குள் போலீஸ் வேன்கள் வந்துவிட்டன. எல்லோரையும் எழுப்பி ஏற்றினார்கள். அவரும் துண்டை உதறிக்கொண்டு ஓடினார். வேன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, சங்கராபுரத்தில் எங்கே வீடு என்று சத்தமாகக் கேட்டார். நானும் கத்திச் சொன்னேன். நாளைக்கு வருகிறேன், அதுவரைக்கும் அந்தப் பலகையைத் தொடாதீங்க என்றார். ஒரு போலீஸ்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வருவார் என்று நான் நம்பவில்லை. கைதாகிப் போகிறவருக்கு என் பலகைதானா கவலை? ஆனால் மறுநாள் காலையில் ஒன்பது மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

உள்ளே வந்தவர் முதலில் லேப்டாப்பைப் போடச் சொன்னார். என்னைத்தான் வரையச் சொல்வார் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேனாவை எடுத்தார். மண்வெட்டி பிடிப்பதுபோலப் பிடித்து ஒரு கோடு இழுத்தார்.

கோடு நடுங்கியது. ரம்பப் பல், அதே தடிப்பு, அதே காணாமல் போவது, எல்லாம் அப்படியே.

"பாருங்க, எனக்கும் நடுங்குது. எனக்கு இன்னா வியாதி சொல்லுங்க."

 ஒரு மாதமாக எத்தனையோ பரீட்சை வைத்தேன். பேனாவை இன்னொருத்தர் கையில் கொடுத்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. தோன்றாமல் என்ன, கொடுக்கப் பயம்.

அப்புறம் அவர் பையிலிருந்து குண்டு பல்பு மாட்டின இரண்டு ஒயரை எடுத்தார். பிளக் பாயிண்டின் கீழ் ஓட்டைகள் இரண்டிலும் விட்டார், பல்பு எரிந்தது. ஒரு ஒயரை மேலே இருக்கிற பெரிய ஓட்டைக்கு மாற்றினார். அப்போதும் எரிய வேண்டுமாம். எரியவில்லை. எர்த்தே இல்லக்கா என்றார். கசிகிற கரண்ட் அந்த ஓட்டை வழியாகப் பூமிக்குப் போய்விட வேண்டும். போக வழியில்லையென்றால் ஃப்ரிஜ்ஜிலும் லேப்டாப்பிலும் பலகையிலும் சுற்றிக்கொண்டு கிடக்கும். பேனா எங்கே இருக்கிறது என்று பலகைக்குக் குழம்பிப்போகும், அதுதான் நடுக்கம். கடையில் எர்த் நன்றாக இருந்திருக்கிறது, வட்டம் வட்டமாக வந்திருக்கிறது. சொல்லிவிட்டு, எர்த் குழாய் எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்றார்.

எந்தக் குழாய் என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது.

பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு வாழை இருந்தது. அதனடியில் முழ உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், தலையில் ஒரு கம்பி சுற்றியிருக்கும். கழுவுகிற தண்ணீர் இரண்டுக்கும் போகும். பொங்கலுக்கு முன்னால் எனக்குச் சுத்தம் பிடித்து ஆட்டியது. வாழையை எடுத்துவிட்டுப் பின்கட்டு முழுக்க சிமெண்ட் போடச் சொன்னேன். கொத்தனார் நல்லவர், இந்தக் குழாய் இன்னாத்துக்குங்க என்று கேட்கத்தான் கேட்டார். எனக்கா தெரியாது? பழைய அடிபம்ப் மிச்சம், அசிங்கமா நீட்டிக்கினு கெடக்கு, அறுத்துட்டுப் பூசிடுங்க என்றேன். வீட்டுக்காரர் எதற்கும் ஒரு வார்த்தை விசாரிக்கலாமே என்றார். விசாரித்தால் அடுத்த பொங்கலுக்குத்தான் வேலை முடியும் என்று அவர் வாயையும் அடைத்தேன். அறுத்த குழாய் பழைய இரும்புக்காரரிடம் போயே போய்விட்டது.

இதை நான் சொல்லச் சொல்ல அந்த மனுஷர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்காரர் அடக்கவே பார்க்கவில்லை.

புதுக் குழாய் இறக்க இரண்டு நாளாகும், ஆனால் இப்போதே ஒரு கோடு போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் வயர்மேன். வெளியே தண்ணீர்த் தொட்டி ஓரம் மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். அங்கே எங்கள் கடப்பாரையை முக்கால்வாசி உள்ளே போகும்வரை அடித்தார். அதன் கழுத்தில் கம்பியைச் சுற்றி, சுவரில் அறுந்து தொங்கிய பழைய கம்பியோடு சேர்த்தார். இப்போது அந்தப் பெரிய ஓட்டையில் பல்பு எரிந்தது. கை கழுவிவிட்டு வந்து, பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டேன்.

சாமைத் தண்டை இழுத்தேன். கீழிருந்து மேலே, ஒரே மூச்சில். கோடு அடியில் தடித்து, போகப் போக மெலிந்து, நுனியில் கொஞ்சம் வளைந்து நின்றது. என் கோடு. மணிக்கட்டில் ஒன்றும் ஊரவில்லை. இன்னொன்று போட்டேன், அப்புறம் இன்னொன்று. திரை கலங்கிப் போனது, கண்ணீர்தான். வீட்டுக்காரருக்கு அப்போதுதான் முழு விஷயமும் தெரிந்தது. ஏன் என்கிட்ட சொல்லல என்று ஒரே ஒரு தடவை கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கோட்டைப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து வயர்மேன் வந்து சிமெண்டைத் தட்டகலத்துக்கு உடைத்துக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழாய் இறக்கினார். தினமும் ஒரு குடம் ஊற்றுங்கள், காய விடாதீர்கள் என்றார். டீ குடிக்கும்போது, அடுத்த தடவை மறியல்ல மாட்டுனா கொஞ்சம் பாத்துத் திட்டுங்கக்கா என்றார். எனக்கு மூஞ்சி எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பேச்சை மாற்ற, அன்றைக்கு வேனில் ஏற்றிப்போய் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். சோறு போட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்களாம். கைநாட்டு யாராவது வைத்தார்களா என்றேன். எதற்காகக் கேட்கிறேன் என்று புரியாமல் பார்த்தார். இந்தக் காலத்துல யாருக்கா கைநாட்டு வைக்கிறாங்க என்றார்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. சாமைக் கதிரை முடித்த அன்றே லேப்டாப்பையும் பலகையையும் பையில் போட்டுக்கொண்டு மணலூர்பேட்டை பஸ் ஏறினேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், வலதுகை தொடைக்கடியில். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, பஸ்ஸு வுட்டுட்டாங்களா?" என்றார். நான் சாக்குச் சொன்னது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன், குழாயை அறுத்தது உட்பட. குழாயில் சிரித்தார். என் கை போய்விட்டது என்று நினைத்ததைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்தினார்.  என்னாலதான் பயந்துட்டியா என்றார். அதற்கு இல்லை என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆமாம்ப்பா என்றேன்.

அண்ணன் வீட்டு எர்த்தை முதலில் சரிபார்த்துக்கொண்டுதான் லேப்டாப்பை மாட்டினேன். மென்பொருளைத் திறந்து, அன்றைக்குக் கோபத்தில் அணைத்த ஸ்டெபிலைசரைத் தேடிப்பிடித்து, ஏறுகிற மட்டும் ஏற்றினேன். பலகையை அப்பா மடியில் வைத்தேன். கையெழுத்துப் போடுப்பா என்றேன்.

வேண்டாம் என்றார். இதெல்லாம் இன்னாத்துக்கு என்றார். நான் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் தொடைக்கடியிலிருந்து அந்தக் கை வெளியே வந்தது. பேனாவோடு சேர்ந்து ஆடியது, பலகையில் டொக் டொக்கென்று இடித்தது. பலகையைப் பார்க்காதே, திரையைப் பாருப்பா என்றேன்.

திரையில் கோடு மெதுவாக வந்தது. அப்பாவின் கை இங்கே அலைந்துகொண்டிருக்க, அங்கே முதல் எழுத்து வளைந்து, இரண்டாவது எழுத்துக்குப் போய், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் பெயர் முழுசாக வந்தது. அப்பா மூச்சு விடாமல் பார்த்தார். அடியில் கோட்டை இழுத்தார். கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி.

அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவன் வாசலிலேயே வாளியோடு நின்றுவிட்டான்.

இதை வைத்துக் கரும்பு ஆபீஸில் ஒன்றும் நடக்காது, அங்கே நோட்டில்தான் போட வேண்டும். அப்பாவுக்கும் அது தெரியும். எனக்கு நாற்பத்து மூன்று வந்துபோய்விட்டது, கை இதுவரை நன்றாக இருக்கிறது. நாளைக்கு நடுங்காது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்தப் பயம் முன்போல் இல்லை. புத்தகம் வந்துவிட்டது, மலைப் பிள்ளைகள் சாமைக் கதிரை விரலால் தடவிப் பார்க்கிறார்கள். தினமும் குழிக்கு ஒரு குடம் ஊற்றும்போது அந்த வயர்மேனை நினைத்துக்கொள்கிறேன். அவர் குறுக்கே உட்கார்ந்த ரோட்டையும்தான்.

அன்றைக்கு அப்பா கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பேனாவைக் கீழே வைக்கவில்லை. நான் அதைச் சேமித்துவிட்டு லேப்டாப்பை மூடப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னொரு வாட்டி போடட்டுமா?" என்று கேட்டார்.